ஊதக் கற்றுக்கொடுத்தவர்

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரம். 1922ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள். இரவு நேரம். நகரின் தென்பகுதியில், 31ஆம் தெருவில், 'லிங்கன் கார்டன்ஸ்' என்ற நடனக்கூடத்தின் வாசலிலே ஒரு கருப்பின இளைஞன் நிற்கிறான். வயது 21. தெற்குக் கோடியிலுள்ள நியூ ஆர்லியன்சிலிருந்து ரயிலேறி அப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறான். கோடைக்காலம், ஆனால் உடம்பிலே நீளமான குளிர் உள்ளாடை! வடக்கே குளிருமாம் என்று பெற்றவளுக்குக் கவலை. வழிக்கு அவள் கட்டிக் கொடுத்தது மீன் வைத்த ரொட்டி. தெற்கத்தி ரயிலிலே காசை நீட்டினாலும் கருப்பனுக்கு உணவுப் பெட்டியில் இடம் கிடையாதே, அதனால்!

உள்ளே வாத்தியக்குழு முழங்கிக்கொண்டிருக்கிறது. வாசலில் நின்றபடியே கேட்கிறான். கேட்கக் கேட்கக் கால் எழவில்லை. இவர்களோடு சேர்ந்து நான் வாசிப்பதா, என்னால் ஆகுமா என்று தயங்குகிறான். தந்தியடித்து அவனை வரவழைத்தவர் அந்தக் குழுவின் தலைவர். அவன் வந்திருப்பது தெரிந்து அவரே வெளியே வருகிறார்; உரிமையோடு கடிந்துகொள்கிறார்; உள்ளே இழுத்துக்கொண்டு போகிறார்.

தலைவரின் பெயர் ஜோ ஆலிவர். இளைஞனின் பெயர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். முன்னவர் ஆசான், பின்னவர் மாணவர். அன்று தொடங்கி ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் இருவரும் ஒரே மேடையில் நின்று குழல் ஊதினார்கள்.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயரை உலகம் அறியும். ஜாஸ் இசை என்ன என்று தெரியாதவர்கூட, கன்னம் புடைக்க டிரம்பெட் ஊதும் அந்தச் சிரித்த முகத்தை எங்கேனும் படத்தில் பார்த்திருப்பார். ஆலிவரின் பெயர்? அதைப் பற்றித்தான் தோழர்களோடு இன்று பேச நினைக்கிறேன்.

ஒரு சிறு விளக்கம். அந்நாளில் இருவர் கையிலும் இருந்தது கார்னெட். டிரம்பெட்டுக்கு அது தம்பி முறை; குழாயைச் சுருட்டிய விதம் வேறு, ஓசையும் கொஞ்சம் மென்மை. ஆர்ம்ஸ்ட்ராங் டிரம்பெட்டுக்கு மாறியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. உதட்டை வைத்து ஊதுவதும், மூன்று கட்டைகளை விரலால் அழுத்துவதும் இரண்டிலும் ஒன்றே. ஆகவே 'குழல்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். இசை வல்லுநர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆர்ம்ஸ்ட்ராங்கைப் புகழ வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்லும் சொல் ஒன்று உண்டு. 'பிறவி மேதை!' இன்னும் சிலர் ஒருபடி மேலே போய், கருப்பர்களுக்கு இசை இரத்தத்திலேயே ஊறியது என்பார்கள். கேட்பதற்குப் பாராட்டு போலத்தான் இருக்கும். பாராட்டா அது? இரத்தத்தில் வந்தது என்றால், உதடு வெடிக்க ஊதிப் பழகிய நாட்கள் என்ன ஆயின? இரத்தத்தில் வந்தது என்றால், உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவன் எங்கே போனான்? தானாக வந்த வித்தைக்குக் கூலி எதற்கு என்று நாளைக்குக் கேட்கலாம். கற்றுக்கொடுத்தவனை மறந்தும் போகலாம்! பிறப்பைச் சொல்லி ஒருவனைத் தூக்கி வைக்கிறவன், அதே பிறப்பைச் சொல்லி மறுநாள் மற்றொருவனைக் கீழே தள்ளுவான். தூக்கும் கை வேறு, தள்ளும் கை வேறு அல்ல.

உண்மையில் நடந்தது என்ன?

ஆர்ம்ஸ்ட்ராங் 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் நியூ ஆர்லியன்சின் மிக ஏழ்மையான பகுதியில் பிறந்தார். தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டான். சிறு வயதிலேயே நிலக்கரி வண்டியோடு தெருத் தெருவாக அலைந்த பிள்ளை. 1912ஆம் ஆண்டின் கடைசி இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் ஒரு கைத்துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கிச் சுட்டுவிட்டான். பிடித்தது போலீஸ். 11 வயதுச் சிறுவனுக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கிடைத்தது கருப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லம்!

அந்த இல்லத்திலே ஒரு பேண்டுக் குழு. அதற்கு ஆசிரியர் பீட்டர் டேவிஸ். தொடக்கத்தில் அவர் இந்தச் சிறுவனை அண்டவிடவில்லை. கெட்ட தெருவிலிருந்து வந்தவன் என்ற எண்ணம். பிறகு மனம் இளகியது. கையிலே முதலில் கஞ்சிராவைப் போன்ற ஒரு சிறு பறையைக் கொடுத்தார். படிப்படியாக மற்றக் கருவிகள். கடைசியில் கார்னெட். சிறுவன் அந்தக் குழுவுக்கே தலைவனானான். பிறவி மேதையின் முதல் பள்ளிக்கூடம் இதுதான், தோழர்களே!

1914இல் வெளியே வந்தான். மறுபடியும் நிலக்கரி. ஆனால் இப்போது அவனுக்கு ஒரு தெய்வம் இருந்தது. கோயிலில் அல்ல, தெருவிலே. ஊர்வலங்களிலும் நடன விடுதிகளிலும் குழல் ஊதிக்கொண்டிருந்த ஜோ ஆலிவர். ஒரு கண் பார்வையற்றவர். பகலிலே ஒரு வீட்டில் பணியாளாக வேலை பார்த்து, இரவிலே வாத்தியம் வாசித்த உழைப்பாளி. ஆலிவரின் மனைவிக்குக் கடை கண்ணிக்குப் போய் வருவான் லூயி. கூலி, குழல் பாடம். ஆலிவர் வீட்டு அடுப்படியில் சிவப்பு மொச்சையும் சோறும் கிடைக்கும். தாம் ஊதிப் பழகிய பழைய குழல் ஒன்றையும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தார் ஆலிவர். 'அப்பா ஜோ' என்றே அவரைக் கடைசி வரையில் அழைத்தார் ஆர்ம்ஸ்ட்ராங்.

1918 வாக்கில் ஆலிவர் வடக்கே புறப்பட்டார். கிட் ஓரி என்பவரின் குழுவில் ஆலிவர் விட்டுச் சென்ற இடத்தில் நின்றது யார்? நிலக்கரி வண்டிப் பிள்ளைதான். இரத்தமா கொடுத்தது அந்த இடத்தை?

இப்போது சிகாகோவுக்குத் திரும்புவோம். ஆலிவரை அங்கே 'கிங்', அதாவது அரசர் என்றே அழைத்தார்கள். குழுவில் ஏற்கனவே ஒரு கார்னெட் இருக்கிறது. அது அரசரின் கார்னெட். இரண்டாவது கார்னெட் வைப்பது அப்படிப்பட்ட குழுக்களில் பொதுவான வழக்கமல்ல. அப்படியிருந்தும், தம்மை மிஞ்சிவிடக் கூடிய ஒருவனைத் தந்தியடித்து வரவழைத்து, தம் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். ஊரிலே எத்தனை ஆசான்கள் இதைச் செய்வார்கள்? கடைசி வித்தையை மட்டும் மறைத்துக்கொண்டு சாகிறவர்கள் அல்லவா அதிகம்!

இருவரும் ஊதியது எப்படி என்பதைக் கேட்டவர்கள் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு முழுவீச்சில் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று பியானோ, முரசு, எல்லாம் நின்றுவிடும். ஓரிரு நொடி வெறுமை. அந்த வெறுமையிலே இரண்டு குழல்களும் ஒன்றாகப் பாயும். ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒன்றோடொன்று உரசாமல், ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல். மறுகணம் குழு முழுவதும் மீண்டும் எழும். முன்கூட்டி எழுதி வைத்ததா? இல்லை. ஒவ்வொரு முறையும் புதிது! வெள்ளைக்கார வாத்தியக்காரர்கள் கூட்டமாக வந்து மேடையின் முன்னே உட்கார்ந்து, இது எப்படி நடக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

இரகசியம் எளிது, செய்வதுதான் அரிது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்து தாம் ஊதப்போவதை ஆலிவர் சாடையாகக் காட்டிவிடுவார். மெல்ல ஒரு துணுக்கு ஊதுவார், அல்லது கட்டைகளின் மேல் விரலை ஓட்டுவார். பக்கத்தில் நிற்கும் மாணவர் அதைப் பிடித்துக்கொள்வார். அதற்கு இணைகுரல் ஒன்றை அந்தக் கணத்திலேயே மனத்துக்குள் கட்டிக்கொள்வார். கொல்லன் பட்டறையிலே சுத்தியும் சம்மட்டியும் மாறி மாறி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மூத்தவன் சின்னச் சுத்தியால் இரும்பைத் தொட்டுக் காட்டுவான். இளையவனின் சம்மட்டி சரியாக அங்கே விழும். பேச்சே இருக்காது. அதுதான் இதுவும். பல ஆண்டு ஒருவன் வாயையும் விரலையும் பார்த்துப் பார்த்துக் கற்றவனுக்குத்தான் அது கைகூடும்.

ஆலிவரின் தனித்திறமை வேறொன்று. குழலின் வாயைக் கிண்ணத்தாலும் குவளையாலும் மூடித் திறந்து, ஓசையைப் பேச வைப்பார். குழந்தை அழும், சமாதானமாகும், மறுபடி சிணுங்கும்! எல்லாம் பித்தளையிலே.

கேட்டு ஆடியவர்கள் யார்? சீமான்கள் அல்லர். தெற்கிலே பருத்திக் காட்டு அடிமைத்தனத்திலிருந்து தப்பி வடக்கே வந்து, சிகாகோவின் மாட்டிறைச்சித் தொழிற்சாலைகளிலும் எஃகு ஆலைகளிலும் உழைத்த கருப்புப் பாட்டாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும். அதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1919 ஜூலையில், இதே தென்பகுதியில் இனவெறிக் கலவரம் மூண்டது. ஏரிக்கரையில் கண்ணுக்குத் தெரியாத நிறக்கோட்டைத் தாண்டி மிதந்துவிட்டான் என்று ஒரு கருப்புச் சிறுவன் கல்லெறிபட்டு நீரில் மூழ்கியதில் தொடங்கியது. மாண்டவர் 38 பேர். அவர்களில் 23 பேர் கருப்பர். அந்த வடு ஆறாத மக்கள் வாரம் முழுவதும் உழைத்த களைப்போடு வந்து நின்ற கூடம் அது. அங்கே தங்கள் ஆட்கள் இருவர் அரசரைப் போல் நின்று ஊதியதைக் கேட்டபோது அவர்களுக்கு என்ன இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் இந்தக் குழுவை இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். இடம், இந்தியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற ஊர். ஒரு பியானோத் தொழிற்சாலையை ஒட்டிய ஜென்னட் நிறுவனத்தின் கூடம். ரயில் பாதைக்குப் பக்கம். வண்டி போகும்போதெல்லாம் பதிவை நிறுத்த வேண்டும். ஒலிவாங்கி இல்லாத காலம். ஒரு பெரிய புனலின் முன் எல்லோரும் நின்று வாசிக்க வேண்டும். ஆசானும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஊதிப் பார்த்தார்கள். ஆசானின் ஓசை கேட்கவில்லை! மாணவரின் ஓசை அப்படி அமுக்கியது. கடைசியில் மாணவரைப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி மூலையிலே நிறுத்தினார்கள். குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் அம்மையார் இதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்; மூலையில் தனியாக நின்ற ஆர்ம்ஸ்ட்ராங்கின் முகம் வாடியிருந்ததாம். அவன் ஆற்றல் எவ்வளவு என்பது தமக்கு அன்றுதான் புரிந்தது என்றும் சொன்னார். பிறகு அவரையே மணந்துகொண்டார்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கருப்பரைக் கொளுத்திய கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் அந்நாளில் இந்தியானாவில் கொடிகட்டிப் பறந்தார்கள். அவர்களுடைய பாட்டுகளையும் காசு வாங்கிக்கொண்டு இதே ஜென்னட் நிறுவனம் இசைத்தட்டாக அடித்துக் கொடுத்தது. முதலாளிக்கு எந்தத் தட்டானால் என்ன, விற்றால் சரி!

அந்தப் பதிவில் 'டிப்பர்மவுத் புளூஸ்' என்றொரு பாட்டு. அதிலே ஆலிவர் தனித்து ஊதிய பகுதியைப் பின்வந்த குழல்காரர்கள் பாடமாகவே மனப்பாடம் செய்தார்கள். 1925இல் நியூயார்க்கில் வேறொரு குழுவில் இருந்தபோது அதே பாட்டு வேறு பெயரில் பதிவானது; ஆசான் ஊதியதை அந்தத் தட்டிலே மாணவர் ஊதியிருக்கிறார்.

வேறு குழுவா, ஏன் பிரிந்தார் என்று கேட்பீர்கள். அங்கேதான் கசப்பு.

குழுவின் தலைவர் என்ற முறையில் பணம் ஆலிவர் கைக்கு வரும். அவர் பங்கிட்டுக் கொடுப்பார். வந்தது முழுவதும் வாசித்தவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்ற சந்தேகம் எழுந்தது. 1924இன் தொடக்கத்தில் குழு உடைந்தது, பலர் விலகினார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் மட்டும் சிறிது காலம் ஆசானை விட்டு நகரவில்லை. தன்னைவிட லூயி நன்றாக வாசிக்கிறான், ஆனால் என்னோடு இருக்கும் வரை அவன் என்னை முந்த முடியாது என்ற பொருளில் ஆலிவர் தம்மிடம் சொன்னதாக லில் அம்மையார் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆசான் என்பதற்காக இதையெல்லாம் பூசி மெழுக நான் வக்கீல் அல்ல. குழல் ஊதும்போது தோழராக இருந்தவர், சம்பளம் கொடுக்கும்போது முதலாளியாகிவிட்டார். அவரை அப்படி ஆக்கியது எது? விடுதிக்காரன் ஒருவனிடமே பணம் வாங்கி, மீதியில் ஆட்களை வைத்துக்கொள் என்ற ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் மேஸ்திரி ஆகாமல் இருப்பவன் ஆயிரத்தில் ஒருவன். தொழிலாளத் தோழர்களுக்கு மேஸ்திரியைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டுமா!

சங்கம் இல்லையா? இருந்தது, இரண்டாக இருந்தது! சிகாகோவின் இசைக்கலைஞர் சங்கத்தில் வெள்ளையருக்கு 10ஆம் எண் கிளை. கருப்பரை அதில் சேர்க்கவில்லை. 1902இல் அவர்கள் தங்களுக்கென்று 208ஆம் எண் கிளையைத் தொடங்கினார்கள். இரண்டும் ஒன்றானது 1966இல். குழலுக்கு நிறமில்லை, சங்கத்துக்கு 64 ஆண்டுகள் நிறம் இருந்தது.

மனைவியின் வற்புறுத்தலால் 1924இல் ஆர்ம்ஸ்ட்ராங் புறப்பட்டார். புகழ் மேலே ஏறியது. 1928 ஜூனில் ஆலிவர் தாம் இயற்றிய 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதே மாதக் கடைசியில் அதே பாட்டை ஆர்ம்ஸ்ட்ராங் பதிவு செய்தார். தொடக்கத்திலே துணையேதுமின்றித் தனிக்குழலாகச் சில நொடி ஊதினார். அந்தச் சில நொடிகளை ஜாஸ் இசையின் சிகரங்களில் ஒன்றென்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பாட்டு ஆசானுடையது, முகப்பு மாணவருடையது. அடுத்த ஆண்டு ஆலிவர் அந்தப் பாட்டை மறுபடி பதிந்தபோது, தம் மாணவர் போட்ட முகப்பையே வேறொரு குழல்காரரை ஊதச் சொன்னார். ஆசான் மாணவரிடம் கற்றுக்கொண்டதில் இழிவில்லை. அதைத் தாமே ஊத முடியாமற் போனதுதான் வேதனை.

ஏன் முடியவில்லை? ஈறு நோய். பல் ஆடியது, பிறகு விழுந்தது. குழல் ஊதுகிறவனுக்குப் பல் என்பது அழகுப் பொருளல்ல. நெசவாளிக்குக் கை எதுவோ, ரயில் ஓட்டுநருக்குக் கண் எதுவோ அது. ஊதுவாயை உதட்டிலே அழுத்தும்போது பின்னால் தாங்குவது பல்தான். தொழிற்கருவியே உடம்பில் இருக்கும் தொழிலாளியின் கருவி கெட்டால் யார் பழுது பார்த்துக் கொடுத்தது? காப்பீடா? ஓய்வூதியமா? சேமித்த பணம் இருந்தது, பொருளாதார வீழ்ச்சியில் வங்கி முறிந்தது, அதுவும் போயிற்று. பழைய பேருந்து ஒன்றில் குழுவை ஏற்றிக்கொண்டு தெற்கத்தி ஊர்களில் சுற்றினார். வண்டி பழுது, கூலி பாக்கி, ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரிலே வந்து நின்றது அரசரின் பயணம்.

மாணவருக்கும் எல்லாம் பூப்பாதை அல்ல. வெள்ளையரும் கருப்பரும் சேர்ந்து மேடையேறக் கூடாது என்று 1956இல் அவருடைய சொந்த மாநிலமே சட்டம் போட்டது; கலப்புக் குழு வைத்திருந்த ஆர்ம்ஸ்ட்ராங், இனி அங்கே வாசிப்பதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். 1965இல் அவர் திரும்பி வந்தபோது வரவேற்க உயிரோடு இருந்தார் பீட்டர் டேவிஸ். முதல் ஆசானுக்கு அந்தப் பேறு கிடைத்தது.

ஆலிவருக்குக் கிடைத்தது வேறு. 1937இல் ஆர்ம்ஸ்ட்ராங் தம் குழுவோடு சவானாவுக்கு வந்தார். தெருவிலே ஒரு சிறு காய்கறிக் கடை. பின்னால் நின்றது அப்பா ஜோ! மாணவர் சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். குழுவில் இருந்த மற்றவர்களும் கொடுத்தார்கள். அவர்களில் சிலர் ஒரு காலத்தில் ஆலிவரிடம் வாசித்தவர்கள். அன்றிரவு நிகழ்ச்சி. மேடை ஓரத்திலே, திரைமறைவில், ஒருவர் வந்து நின்றார். அடகிலிருந்து மீட்டாரோ, புதிதாக வாங்கினாரோ, நல்ல கோட்டும் தொப்பியும் பொத்தான் வைத்த காலணியுமாகப் பழைய ஜோ ஆலிவராகவே வந்திருந்தார் என்று ஆர்ம்ஸ்ட்ராங் பின்னாளில் சொல்லிச் சொல்லி உருகியிருக்கிறார். மாணவர் ஊதினார், ஆசான் நின்று கேட்டார். இருவர் சேர்ந்து ஊதும் கச்சேரி அன்று இப்படித்தான் நடந்தது.

காய்கறிக் கடையும் நிலைக்கவில்லை. அதே ஊரில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியைப் பெருக்கித் துடைக்கும் வேலை. காலை 9 மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். நள்ளிரவு 12 மணிக்குப் பூட்ட வேண்டும். இரத்தக் கொதிப்பு, மருத்துவத்துக்குக் காசில்லை. நியூயார்க்கில் இருந்த தமக்கைக்குக் கடிதம் எழுதினார். அங்கே வந்துசேர ரயில் சீட்டுக்காகச் சில்லறைக் காசுகளை ஓர் உண்டியலில் போட்டு வருவதாகவும், அதில் 1 டாலர் 60 சென்ட் சேர்ந்திருப்பதாகவும், அதைத் தொடுவதில்லை என்றும் அந்தக் கடிதங்களில் இருக்கிறது.

1938 ஏப்ரலில் சவானாவில் ஆலிவர் இறந்தார். வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டு உடலை நியூயார்க்குக்கு வரவழைத்தார் தமக்கை. பிராங்க்ஸ் பகுதியிலுள்ள உட்லான் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். மாணவர் வந்திருந்தார். கல் நாட்டப் பணமில்லை.